பதினைந்து இன்மைகள்

அக்டோபர் 4, புதன்

இந்த நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தாலும் விடாமல் எழுதுவேன். காலாண்டுத் தேர்வில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கியதற்குப் பள்ளியில் கொடுத்த நாட்குறிப்பு இது. ஒன்பது மாதப் பக்கங்கள் ஏற்கெனவே வீண். மிச்சமிருப்பதையாவது உண்மையாக நிரப்ப வேண்டும்.

என் பெயர் செண்பகவல்லி. கொன்றையங்குளம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அப்பா உரக்கடை வைத்திருக்கிறார். அம்மா பிரம்மசக்தி எங்கள் பேரூராட்சியில் ஏழாவது வார்டு உறுப்பினர். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் அம்மா தேர்தலில் நின்றாள். ஆனால் கடைத்தெருவில் யாராவது "கவுன்சிலரே" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது அப்பாதான்.

என் கையெழுத்து பள்ளியிலேயே அழகானது. இது தற்பெருமை இல்லை. தலைமையாசிரியர் அறைக் கரும்பலகையில் தினமும் குறள் எழுதுவது நான்தான்.

புது மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்து எழுதுகிறேன். அதன் கழுத்தை எந்தப் பக்கமும் வளைக்கலாம். கரண்ட் போனாலும் நான்கு மணி நேரம் எரியும்.

அக்டோபர் 6, வெள்ளி

உலகம்மாளைப் பற்றி எழுதாமல் இந்த நாட்குறிப்பு முழுமையாகாது. எனக்குப் பக்கத்தில் உட்காருபவள். ஊத்துப்பாறையிலிருந்து வருகிறாள். அவள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். ஏழே முக்காலுக்கு இங்கே இறங்குவாள். பள்ளிக் கதவை ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள். மாலையில் நாலே காலுக்குப் பள்ளி விடும். அவளுடைய பஸ் ஐந்து நாற்பதுக்கு.

இடைப்பட்ட நேரமெல்லாம் பஸ் ஸ்டாண்டில் பெண்கள் ஓய்வறையில் இருப்பாள். அங்கே தாழ்ப்பாள் சரியாக விழும் இரண்டு கழிப்பறைகளும், தண்ணீர் வரும் குழாயும், நீள பெஞ்சும் உண்டு. எங்கள் பள்ளியில் எட்டுக் கழிப்பறைகளில் ஆறு பூட்டிக் கிடக்கின்றன. மற்ற இரண்டில் பதினொரு மணிக்கு மேல் தண்ணீர் வராது. அறுநூறு பேர் படிக்கிறோம். அதனால் காலையில் அங்கேயே போய்விட்டு, பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்து, மாலையில் மறுபடியும் அங்கே ஓடுகிற பிள்ளைகள் நாற்பது பேராவது இருப்பார்கள். உலகம்மாள் வீட்டுப்பாடத்தையும் அந்த பெஞ்சில்தான் முடிப்பாள். அவள் நோட்டில் சில எழுத்துகள் பஸ் கிளம்பும் அதிர்வில் ஆடியிருக்கும்.

அக்டோபர் 9, திங்கள்

ஆறு நாள் கழித்துக் குடிதண்ணீர் வந்தது. பதினான்கு குடம் பிடித்தேன். கை வலிக்கிறது. வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 11, புதன்

தெய்வநாயகம் அண்ணாச்சி மறுபடியும் வந்தார். வெள்ளைச் சட்டை, சத்தம் வராத கார். பஸ் ஸ்டாண்டில் வணிக வளாகம் கட்டப்போகும் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசுபவர். இடத்தை முப்பது வருடத்துக்குக் குத்தகைக்குத் தரப் பேரூராட்சி தீர்மானம் போட வேண்டும். அதற்காக உறுப்பினர்கள் வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறார். அல்வா கொண்டுவந்தார், இரண்டு கிலோ.

"கவுன்சிலரே, வளாகம் வந்துட்டா ஒங்க ஊரு டவுனுதான், பாத்துக்கிடுங்க" என்று அப்பாவிடம் சொல்லி, வரைபடத்தை விரித்தார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். அவளிடம் அவர் பேசியது ஒன்றே ஒன்று: "சீனி கொஞ்சம் கம்மியா போட்டிருக்கலாம்மா."

நான் வரைபடத்தைப் பார்த்தேன். முப்பத்திரண்டு கடை. மாடியில் மண்டபம். ஓய்வறை இருந்த இடத்தில் 'இரு சக்கர வாகன நிறுத்தம்' என்று இருந்தது.

"பெண்கள் ஓய்வறை எங்க இருக்கு அண்ணாச்சி?"

"அது ரெண்டாம் கட்டத்துல வரும் பாப்பா."

"ரெண்டாம் கட்டம் எப்ப?"

அவர் சிரித்தார். "வக்கீலுக்குப் படிக்க வைங்க கவுன்சிலரே இவள." பிறகு என் அறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "வெளிச்சம் நல்லா இருக்கா பாப்பா?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 13, வெள்ளி

பேரூராட்சி அலுவலகத்திலிருந்து முருகையா அண்ணன் வந்தார். அவர்தான் அங்கே உதவியாளர். எல்லா உறுப்பினர்களின் கையெழுத்தையும் தன் மொபெட்டிலேயே வீடு வீடாகப் போய் வாங்கிவிடுவார். அம்மா எந்தக் காகிதத்தையும் வாசித்து நான் பார்த்ததில்லை. அவர் விரல் வைக்கும் இடத்தில் 'எஸ். பிரம்மசக்தி' என்று போடுவாள்.

இந்த முறை ஒரு புதுப் படிவம். போன வருடம் தெருவிளக்கு டெண்டரில் யாரோ மேலிடத்துக்குப் புகார் எழுதியதால், இனி ஒவ்வொரு மாதக் கூட்டத்துக்கும் முன்னால் உறுப்பினர்கள் இரண்டு விஷயம் எழுதித் தர வேண்டும் என்று மன்றமே தீர்மானம் போட்டிருக்கிறது. ஒன்று, மன்றத்தின் முன் உள்ள வேலை தொடர்பாக அவர்களை யார் யார் சந்தித்தார்கள். இரண்டு, யாரிடம் என்ன பரிசு பெற்றார்கள். முந்திய படிவத்துக்குப் பிறகு நடந்தது எல்லாம் வர வேண்டும். முதல் முறை என்பதால் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து.

"தாயி, ஒன் கையெழுத்துதான் அச்சு மாரி இருக்குமே. பதினஞ்சு பேருக்கும் எழுதிக் குடுத்துரு. மேடம் பாத்தா சந்தோசப்படுவாவ" என்றார் முருகையா அண்ணன். மேடம் என்பது செயல் அலுவலர்.

"என்ன எழுதணும்?"

"ரெண்டு கட்டத்துலயும் 'இன்மை'. அவ்வளவுதான்."

இன்மை என்றால் இல்லை என்பதன் அலுவலகத் தமிழ். அல்வாவை எழுத வேண்டாமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"தின்னு சீரணமானத எப்படிட்டி பரிசும்ப? பெறவு நீ குடிச்ச காப்பியவும் எழுதச் சொல்லுவ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பது முறை 'இன்மை' எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. வரிசையாக அடுக்கி வைத்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. புத்தகங்கள் எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்தேன். நாட்குறிப்பை வைக்கவில்லை. வைத்தால் நாளை வரை எடுக்க முடியாது.

நவம்பர் 5, ஞாயிறு

காலையில் ஒரு குட்டியானை வண்டி வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றது. பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். கூடம் நிறைந்து, அம்மா சோறு வடிக்கப் போவதற்குப் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது.

அண்ணாச்சி கொடுத்தனுப்பிய தீபாவளிச் சாமான்கள். பதினைந்து வீட்டுக்கும் இங்கிருந்துதான் போகும் என்று அப்பா சொன்னார். அவர்கள் கம்பெனி நேரே கொடுத்தால் பேச்சு வருமாம். உறுப்பினர் வீட்டுக்கு உறுப்பினர் வீட்டிலிருந்து போனால் அது பலகாரம் கொடுத்துவிடுவது போலத்தானாம்.

"ஏட்டி செம்பா, பேரு எழுதி ஒட்டு. மாறிப் போச்சுன்னா மானம் போயிரும்."

எழுதி ஒட்டினேன். எல்லோருக்கும் ஒரு மிக்ஸி, ஒரு பட்டுச் சேலை. அதற்கு மேல் ஆளுக்கொரு தனிப் பொருள். மூன்றாவது வார்டில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு மாவரைக்கும் கிரைண்டர். பதினோராவது வார்டு அம்மாவுக்கு முழங்கால் வலி, அவருக்குக் கால் அமுக்கும் எந்திரம். ஐந்தாவது வார்டில் போன மாதம் பேரன் பிறந்தான், அங்கே தொட்டில். எந்த வீட்டில் என்ன தேவை என்று அண்ணாச்சிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வீட்டுக்குள் வந்து காப்பி குடிக்கிற நேரத்தில் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

எங்கள் பெயர் போட்ட பெட்டிகளில் மிக்ஸியும் சேலையும் மட்டும் இருந்தன. தனிப் பொருள் இல்லை. "நமக்கு வேற இல்லையா?" என்று அம்மா கேட்டாள். அப்பா அடுத்த பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

இன்றைக்கு இது போதும்.

நவம்பர் 8, புதன்

பேரூராட்சி ஆட்கள் பஸ் ஸ்டாண்டு ஓய்வறையை டேப் வைத்து அளந்து சுவரில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டிருக்கிறார்கள். உலகம்மாள் பெஞ்சில் இருக்கும்போதே போட்டார்களாம். அவள் பையில் சிவப்புத் துளி தெறித்திருந்தது.

மத்தியான இடைவேளையில் அவள் சாப்பிடவில்லை.

"எங்க அய்யா சொல்லிட்டாவ. அந்த ரூம இடிச்சா பள்ளிக்கூடம் போவ வேண்டாமாம். ஒயின் ஷாப்புக்கு எதுத்தாப்புல ரெண்டு மணி நேரம் ஒன்ன நிறுத்தி வைக்க முடியாது, மில்லுக்குப் போன்னுட்டாவ."

"இடிக்க மாட்டாங்க உலகு. இன்னும் தீர்மானமே போடல."

அவள் என்னைப் பார்த்தாள். "போடப்போறது யாரு? ஒங்க வீட்ல புது மிக்ஸி வந்துருக்காமே. சட்னி நல்லா நைசா அரையுதா?"

உனக்கு யார் சொன்னது என்றுதான் கேட்டேன். பொய் என்று சொல்ல முடியவில்லை.

"ஊருக்கே தெரியும். குட்டியானை என்ன, கண்ணுக்குத் தெரியாத வண்டியா?"

மாலையில் ஓய்வறைக்கு அவளுடன் போனேன். அவள் என்னோடு பேசாமல் கணக்குப் போட்டாள். நானும் கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் வந்தேன். தாழ்ப்பாள் போடும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு தாழ்ப்பாளுக்காக ஒருத்தி பள்ளிக்கூடத்தை விடப்போகிறாள். ஒரு கால் அமுக்கும் எந்திரத்துக்காக ஒருவர் கை தூக்கப்போகிறார்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அப்பா எவ்வளவு சொல்லியும் அம்மா அந்தப் பட்டைக் கட்டவில்லை. ரவிக்கை தைக்கவில்லையாம். போன வருடத்துச் சேலையையே கட்டினாள். மிக்ஸிப் பெட்டியும் இன்னும் பிரிக்கப்படவில்லை. உளுந்தைப் பழைய மிக்ஸியில் அரைத்தாள். அது மூன்று முறை நின்றது. மூன்று முறையும் அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கி அமுக்கி அரைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 15, புதன்

இன்று அப்பாவிடம் கேட்டுவிட்டேன். சாப்பிடும்போது கேட்டது தவறு. ஆனால் அவர் வேறு நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை.

"ஓய்வறைய இடிக்க நாம ஓட்டுப் போடப்போறமா?"

"நாம இல்லட்டி. மன்றம்."

"அம்மா போடப்போறாங்களா?"

"பதினாலு பேரு கை தூக்கும்போது ஒங்க அம்மா மட்டும் கைய மடியில வச்சிக்கிட்டு இருப்பாளா?"

"அந்தச் சாமான திருப்பிக் குடுத்துரலாம்ப்பா."

"தீபாவளிக்கு வந்தத திருப்பிக் குடுக்கிறது மூஞ்சில அடிக்கிற மாரி. ஒங்க பாடப் புத்தகத்துல இதெல்லாம் போடலியோ?" கையை உதறிக்கொண்டார். "கூறு கெட்டத்தனமா பேசாத. வளாகத்துல மூலைக்கடை நமக்குன்னு சொல்லியிருக்காவ. மெயின் ரோட்டப் பாத்து. எத்தன நாளைக்கு அந்தச் சந்துக்குள்ள மூட்டை தூக்கிட்டுக் கெடக்க?"

அதுதான் எங்கள் தனிப் பொருள். பெட்டியில் வைக்க முடியாததால் பெட்டியில் வரவில்லை.

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. "எந்தக் கடை?" என்று கேட்டாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும் என்று நினைக்கிறேன்.

"பெறவு சொல்லுதேன்."

"யாரு பேர்ல?"

"என் பேர்லதான். ஒம்பேர்ல வாங்குனா கேள்வி வரும்லா."

அம்மா ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு எல்லோர் மேலும் கோபம். சிரித்துக்கொண்டே அப்பாவுக்கு ஆசை காட்டிய அண்ணாச்சி மேல். வாசிக்காமல் கையெழுத்துப் போடும் அம்மா மேல். மேலிடத்துக்குக் காகிதம் சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கும் செயல் அலுவலர் மேல். நான் யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை. கேள்வி கேட்கும் உரிமை எனக்கு மட்டும்தான் இந்த வீட்டில் இருக்கிறது.

நவம்பர் 17, வெள்ளி

உலகம்மாள் வரவில்லை.

நவம்பர் 20, திங்கள்

இன்றும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக டீச்சர் புள்ளி வைத்துக்கொண்டே போகிறார். உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டார். தெரியாது டீச்சர் என்றேன். தெரியும். இடிக்கும் வரை அவள் அய்யா காத்திருக்கவில்லை.

மாலையில் முருகையா அண்ணன் பதினைந்து படிவங்களோடு வந்தார். வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டம். வளாகத் தீர்மானம் ஒன்பதாவது பொருள்.

"வழக்கம்போலதான் தாயி. இன்மை, இன்மை. எழுதி வச்சிரு, நான் கையெழுத்து வாங்கிக்கிடுதேன்."

"அன்னைக்கு பெட்டியில பேரு எழுதுனதும் நான்தான் அண்ணே."

அவர் மொபெட்டை உதைத்துக் கிளப்பிவிட்டு, "எந்தப் பெட்டி?" என்றார். அவர் வீட்டுக்கும் ஒரு குக்கர் போயிருந்தது. அதன் மேலும் என் கையெழுத்துதான்.

நவம்பர் 21, செவ்வாய்

இன்று நடந்ததை முழுவதும் எழுத வேண்டும். நீளமாக இருக்கும்.

பள்ளியிலிருந்து வந்ததும் அம்மாவின் படிவத்தை எடுத்தேன். முதல் கட்டத்தில் 'தெய்வநாயகம், வணிக வளாகம் தொடர்பாக, நான்கு முறை' என்று எழுதினேன். இரண்டாம் கட்டத்தில் அல்வா இரண்டு கிலோ, மிக்ஸி ஒன்று, பட்டுச் சேலை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டேன். மற்ற பதினான்கு பேருக்கும் எழுதிவிட முடிவு செய்தேன். எல்லாம் எனக்கு மனப்பாடம். மூன்றாவது வார்டு, கிரைண்டர். ஐந்தாவது வார்டு, தொட்டில். அம்மா எப்படியும் வாசிக்க மாட்டாள். விரல் வைக்கும் இடத்தில் போட்டுவிடுவாள். முருகையா அண்ணனும் பார்க்க மாட்டார், அழகாக அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விடுவார். மன்றத்தில் பிரிக்கும்போது தெரியட்டும் என்று நினைத்தேன்.

அம்மா கூடத்தில் சீனியவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். படிவத்தை நீட்டி, கையெழுத்து வரும் இடத்தில் விரல் வைத்தேன்.

அம்மா என் விரலைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் படிவத்தை வாங்கி, முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். பக்கத்து வீட்டில் குக்கர் நான்கு விசில் அடிக்கும் வரை வாசித்தாள்.

"முருகையாதான் வெரல் வச்சான். ஒங்க அப்பா வெரல் வச்சாரு. இப்ப நீயுமாட்டி?"

நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

"நான் பத்தாவது வர படிச்சவ. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"நீங்க வாசிக்கவே மாட்டீங்களேம்மா."

"வாசிச்சா கேக்கணும். கேட்டா வீட்ல சண்ட. அதுக்குதான்." ஒரு காயை ஒடித்தாள். "சரி. இதுல கொறையுது."

"எல்லாம் எழுதிட்டேன்."

"மூலைக்கடை தாரேன்னு சொன்னாம்லா, அது எந்தக் கட்டம்?"

"அது இன்னும் தரலையேம்மா."

"தாரேன்னு சொன்னதுக்குத்தான கை தூக்கச் சொல்லுதாவ. எழுது."

எழுதினேன். 'மூலைக்கடை ஒன்று, தருவதாகச் சொன்னது.' நிமிர்ந்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொறையுது."

"வேற என்னம்மா இருக்கு?"

"ஒன் மேசையில இருக்கு."

அம்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

இந்த நாட்குறிப்பின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'புது மேசை விளக்கு' என்று எழுதியிருக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. மறந்ததால் இல்லை. இப்போது எழுதுகிறேன்: செப்டம்பர் 27ஆம் தேதி தெய்வநாயகம் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு முதல் முறை வந்தார். நான் ஜன்னல் ஓரத்தில் குனிந்து படிப்பதைப் பார்த்தார். "பாப்பாவுக்குக் கண்ணு போயிரும் கவுன்சிலரே" என்றார். மறுநாள் விளக்கு வந்தது. நான் நன்றி சொன்னேன். காலைத் தொட்டுக் கும்பிடக்கூடப் போனேன், அவர்தான் தடுத்துவிட்டார். அடுத்த வாரம் நாட்குறிப்பு கிடைத்தது. அதற்கும் அடுத்த வாரம் இந்த விளக்கைப் போட்டுக்கொண்டு, இந்த வெளிச்சத்தில், பதினைந்து பேருக்கு 'இன்மை' எழுதினேன். முதல் படிவம் அம்மாவுடையது. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து வாங்கியதை எழுத வேண்டிய படிவம் அது.

'மேசை விளக்கு ஒன்று. பெற்றவர்: உறுப்பினரின் மகள் செண்பகவல்லி. சென்ற படிவத்தில் விடுபட்டது.' இப்படி எழுதினேன். அம்மா மறுபடியும் முதலிலிருந்து வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எஸ். பிரம்மசக்தி. இந்த முறை மெதுவாகப் போட்டாள்.

மற்ற பதினான்கு படிவங்களையும் எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அதத் தொடாத. வெறும் பேப்பராத் திருப்பிக் குடு. அவ்வோ அவ்வோ வாங்குனத அவ்வோ அவ்வோ கையால எழுதட்டும். நீ எழுதிக் குடுத்தா ஒங்கையெழுத்தப் பாத்துட்டு சின்னப் புள்ள வெளாட்டுன்னு கிழிச்சுப் போட்ருவாவ."

நவம்பர் 22, புதன்

முருகையா அண்ணன் வெற்றுப் படிவங்களை எண்ணிப் பார்த்தார். "என்ன தாயி, கைக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றார். ஆமாம் என்று சொல்லத் தோன்றியது. இனி எழுத மாட்டேன் அண்ணே என்றேன்.

நவம்பர் 24, வெள்ளி

அப்பா காலையில் அம்மாவை பைக்கில் கூட்டிப்போகவில்லை. படிவத்தைப் பற்றி நேற்றே அம்மா சொல்லிவிட்டாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். "பழைய சந்துலயே சாவுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் பாவமும் கலந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அம்மா நடந்தே போனாள். மாலையில் நடந்தே வந்தாள். காலைக் கழுவிவிட்டு, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

எல்லோருக்கும் வெற்றுப் படிவம் கொடுத்ததும் முதலில் சிரித்தார்களாம். முருகையா எழுதிக் கொண்டுவருவான் என்று பேனாவே கொண்டுவராதவர்கள் பாதிப் பேர். செயல் அலுவலர் ஒரு பேனாவைச் சுற்றுக்கு விட்டார். அதற்குள் அம்மா எழுந்து தன்னுடையதைச் சத்தமாக வாசித்துவிட்டாள். அல்வாவிலிருந்து மூலைக்கடை வரை, விளக்கு உட்பட.

பேரூராட்சித் தலைவர் பொறுமையாகத்தான் பேசினாராம். "அக்கா, வீட்டுப் பேச்ச சபையில பேசக் கூடாது. உக்காருங்க. ஒங்க வீட்டுக்காரரு எங்க? வரலியா?"

"வார்டு என் வார்டு. அவரு எதுக்கு வரணும்?" என்றாளாம் அம்மா.

அதற்குப் பிறகு அந்தப் பேனா ஆறாவது ஆளோடு நின்றுவிட்டது. வாசித்துக் கேட்ட பிறகு 'இன்மை' என்று சொந்தக் கையால் எழுதுவது அவ்வளவு சுலபமாக இல்லை போலிருக்கிறது. பதினோராவது வார்டு அம்மா படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கால் வலிக்கிறது என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மூன்றாவது வார்டுக்காரர் அம்மாவைப் பார்த்து, "கல்யாண வீட்டுக்காரன் வயித்தெரிச்சல வாங்கிக் கட்டிக்காதிய" என்றார். செயல் அலுவலருக்கு வேர்த்துவிட்டது. எழுத்தில் வந்துவிட்டால் அதைக் கோப்பில் சேர்க்காமல் இருக்க முடியாது. எட்டுப் படிவம் வரவில்லை. எல்லோருடைய படிவமும் வராமல் தீர்மானத்தை எடுக்க முடியாது என்பதால் ஒன்பதாவது பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அம்மா எழுதிய சாமான்களைத் திங்கள் காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான். ஒரு மாசம்."

நவம்பர் 26, ஞாயிறு

ஒத்திவைப்பு வெற்றி இல்லை. சிவப்புக் கோடு ஓய்வறைச் சுவரில் அப்படியே இருக்கிறது. இன்று மாலை போய்த் தொட்டுப் பார்த்தேன், நகத்தால் சுரண்டினால் வராது. அண்ணாச்சியின் கார் நேற்று மூன்றாவது வார்டில் நின்றதாம். அப்பா என்னோடும் அம்மாவோடும் பேசுவதில்லை. கடையில் "கவுன்சிலரே" என்று யாரோ கூப்பிட்டதற்கு அவர் திரும்பவில்லை.

ஊத்துப்பாறை பஸ் நடத்துநரிடம் உலகம்மாளுக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். ஓய்வறை இன்னும் ஒரு மாதம் இருக்கும், அரையாண்டுத் தேர்வு வரைக்குமாவது வந்து எழுது, அய்யாவிடம் கேள் என்று எழுதினேன். விளக்கைப் பற்றியும் எழுதினேன். 'நீ மிக்ஸியைக் கேட்டாய். விளக்கைக் கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன்.' அவர் கடிதத்தை டிக்கெட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அந்தப் புள்ள மில்லு வண்டியில ஏறுறத நேத்துப் பாத்தேனேம்மா" என்றார். அப்படியும் கொடுங்கள் என்றேன்.

மணி ஆறே முக்கால். கரண்ட் இல்லை. அம்மா மிக்ஸிப் பெட்டியையும் சேலையையும் வாசல் பக்கம் எடுத்து வைத்துவிட்டாள். விளக்கின் பெட்டியை அது வந்த அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டேன், அதனால் விளக்கைச் சுற்ற ஒரு பழைய துண்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்திருக்கிறாள். தெருவே இருட்டு. நான் மட்டும் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா சமையலறையில் மெழுகுவர்த்தி தேடும் சத்தம் கேட்கிறது. இந்த விளக்கைக் கொண்டுவா என்று அவள் கேட்கவில்லை.

விளக்கை அணைத்துவிட்டேன். இந்த வரி கோணலாகத்தான் இருக்கும்.